பாறைக்குள் எஞ்சிய பாசி

நல்ல தரமான எண்ணெய்ப் பாறையைக் கூரான கத்தியால் மெல்லிசாகச் சீவினால், சாதாரணக் கல்லைப் போல அது பொடிந்து உதிராது. சீவல் சுருண்டு வரும். அந்தச் சீவலில் தீக்குச்சியைக் காட்டினால் புகை கக்கிக்கொண்டு எரியும். மண்ணெண்ணெய் வாடை அடிக்கும்.

கல் எப்படி எரியும்? உண்மையில் எரிவது கல்லின் களிமண் துகள்களுக்கு இடையே சிக்கியிருக்கும் பழைய உயிர்களின் மிச்சம். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் ஏரியிலோ ஆழமில்லாத கடலிலோ மிதந்த பாசியும் நுண்ணுயிரும் செத்து அடியில் படிந்தன. அவற்றின் கொழுப்பும் மெழுகும் சேற்றோடு சேர்ந்து இறுகி, கெரோஜன் (எந்தக் கரைப்பானிலும் எளிதில் கரையாத, பாறைக்குள் கட்டிப்பட்ட கரிமப் பொருள்) என்ற நிலைக்கு வந்தன. அந்தக் கெரோஜன் நிறைய உள்ள பாறையைத்தான் எண்ணெய்ப் பாறை என்கிறோம்.

பெயரைக் கேட்டதும் உங்களுக்கு ஒரு குழப்பம் வரலாம். காவிரி டெல்டாவில் எதிர்ப்புக் கிளம்பியதே, ஷேல் காஸ், அதுதானா இது? இரண்டும் வேறு. ஷேல் காஸ் என்பது ஆழத்தில் வெப்பம் பட்டு ஏற்கெனவே வாயுவாக மாறி, பாறையிலிருந்து வெளியேற வழியில்லாமல் அடைபட்டுக் கிடப்பது. தண்ணீரையும் ரசாயனத்தையும் பெரும் அழுத்தத்தில் செலுத்திப் பாறையை விரிசல் விட வைத்து அதை எடுக்கிறார்கள். தமிழ்நாடு அரசு 2020இல் கொண்டுவந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் புதிதாக அனுமதிக்க மறுப்பது இதைப் போன்ற திட்டங்களை. இங்கே நாம் பேசும் எண்ணெய்ப் பாறையில் எண்ணெயே இன்னும் உண்டாகவில்லை. பாறையை வெட்டியெடுத்து, காற்றுப் படாத உலையில் 500 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேற்றினால்தான் கெரோஜன் உடைந்து எண்ணெயாக வடியும்.

அந்த 'இன்னும் உண்டாகவில்லை' என்ற இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையின் உயிர்நாடி அதுதான்.

அமெரிக்காவின் கொலராடோ, யூட்டா, வயோமிங் ஆகிய மூன்று மாநிலங்களில் பரந்து கிடக்கும் கிரீன் ரிவர் பாறைத்தொகுதியை எடுத்துக்கொள்வோம். உலகின் மிகப் பெரிய எண்ணெய்ப் பாறைப் படிவு அது. அமெரிக்கப் புவியியல் ஆய்வுத்துறையின் கணக்குப்படி அதற்குள் அடங்கிய எண்ணெய் 4 லட்சம் கோடி பீப்பாய்க்கும் மேல். இதில் எவ்வளவு எடுக்கக்கூடியது என்பது வேறு கணக்கு.

ஏறக்குறைய 5 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே பெரிய ஏரிகள் இருந்தன. உலகம் இன்றைவிட வெகுவாகச் சூடாக இருந்த காலம். அந்த ஏரிக்கரைகளில் முதலையும் பனைமரமும் இருந்தன. ஏரியடிச் சேறு ஆண்டுக்கு ஒரு படலமாக, ஒரு மில்லிமீட்டரைவிட மெல்லிசாகப் படிந்துகொண்டே வந்தது. வில்மட் பிராட்லி என்ற புவியியலாளர் 1929இல் இந்தப் படலங்களை எண்ணி, ஏரியில் 21,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பி வரும் மாற்றம் ஒன்று இருப்பதைக் காட்டினார். பூமியின் அச்சு மெல்லத் தள்ளாடுவதால் வரும் பருவச் சுழற்சியின் அளவு அது.

படலங்கள் அப்படியே கலையாமல் இருப்பது எதனால் என்று கேட்கலாம். புழுவும் நத்தையும் சேற்றைக் கிளறவில்லை, அதனால்தான். அவை ஏன் கிளறவில்லை? அடித்தண்ணீரில் ஆக்சிஜன் இல்லை. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் விழுந்த பொருள் முழுதாக அழுகி முடிவதில்லை. மீன் செதிலோடு கிடக்கும். பாசியின் கொழுப்பும் தங்கிவிடும்.

மீன் தங்கியது கண்ணுக்குத் தெரிகிறது. வயோமிங் மாநிலத்தின் அடையாளப் புதைபடிவமே அந்த ஏரியில் வாழ்ந்த நைட்டியா என்ற சிறு மீன்தான். ஆனால் ஏரியில் மீனைவிடப் பல மடங்கு எடையில் வாழ்ந்தவை பாசியும் பாக்டீரியாவும். அவற்றுக்கு எலும்பு இல்லை, ஓடு இல்லை. அவை இருந்ததற்கு என்ன சாட்சி?

மூலக்கூறுகள்தான் சாட்சி. ஓர் உயிர் தன் உடலில் கட்டும் கொழுப்பு மூலக்கூறுகள் ஏனோதானோ என்று அமைந்தவை அல்ல. கார்பன் அணுக்கள் சங்கிலியாகவும் வளையமாகவும் ஒரு குறிப்பிட்ட திட்டத்தில் கோக்கப்பட்டிருக்கும். உயிர் செத்தபின் அந்த மூலக்கூறின் விளிம்பில் உள்ள ஆக்சிஜன் போகும், இரட்டைப் பிணைப்புகள் போகும், நிறம் போகும். கார்பன் சட்டகம் மட்டும் நிற்கும். பழைய வீடு ஒன்றின் ஓடும் கதவும் சன்னலும் போய்விட்டாலும், அஸ்திவாரத்தைப் பார்த்தே இது முற்றம் வைத்த வீடு, இது சமையற்கட்டு என்று சொல்கிறோம் அல்லவா, அதைப்போலத்தான் இதுவும். இப்படி அடையாளம் அழியாமல் நிற்கும் மூலக்கூறுக்கு உயிர்க்குறி (இன்ன வகை உயிர் இருந்தது என்று காட்டிக்கொடுக்கும் மூலக்கூறு) என்று பெயர்.

இதை முதலில் பார்த்தவர் ஆல்ஃபிரட் டிரைப்ஸ். ஜெர்மானிய வேதியியலாளர். மியூனிக்கில், பச்சையத்தையும் ரத்தச் சிவப்பையும் ஆராய்ந்து 1930இல் நோபல் பரிசு பெற்ற ஹான்ஸ் ஃபிஷரின் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தவர். பச்சையம் எப்படி இருக்கும் என்று அவர் கைக்கு நன்றாகத் தெரியும். 1930களின் நடுவில் அவர் பெட்ரோலியத்தையும் எண்ணெய்ப் பாறைகளையும் பிரித்துப் பார்த்தபோது, பச்சையத்தின் அதே நான்குவளையச் சட்டகம் அவற்றில் கிடந்தது. முக்கியமான ஒரு மாற்றம். பச்சையத்தின் நடுவில் மெக்னீசியம் இருக்கும். இவற்றின் நடுவில் வனேடியம் உட்கார்ந்திருந்தது.

அது ஏன் பெரிய செய்தி? பெட்ரோலியம் பூமியின் ஆழத்தில் உலோகமும் நீரும் வினைபுரிந்து உண்டாகிறது என்று மெண்டலீவ் போன்ற பெரியவர்களே ஒரு காலத்தில் வாதிட்டிருந்தார்கள். பச்சையத்தின் சட்டகத்தை எந்த உலோகமும் நீரும் சேர்ந்து தற்செயலாகக் கட்ட முடியாது. அதோடு, கடும் வெப்பம் பட்டால் அது சிதைந்துவிடும். ஆகவே பெட்ரோலியம் உயிரிலிருந்து வந்தது, அதிக வெப்பம் படாமல் வந்தது என்ற இரண்டு விஷயங்களை டிரைப்ஸ் ஒரே சான்றில் நிறுவிவிட்டார்.

அப்படியானால் டைனோசர்கள்தான் பெட்ரோல் ஆயின என்று பள்ளிப் பிள்ளைகள் சொல்வது? தவறு. உயிர்க்குறிகள் திரும்பத் திரும்பக் காட்டுவது பாசி, மிதவை நுண்ணுயிர், பாக்டீரியா, சில இடங்களில் நிலத்துச் செடியின் மெழுகு. உங்கள் பிள்ளைக்கு அடுத்த முறை திருத்திச் சொல்லுங்கள்.

கிரீன் ரிவர் பாறைக்குள் என்னென்ன கிடைத்தன என்று பார்த்தால், ஏரியே கண்முன் வரும். எனக்கு மிகவும் பிடித்தது பீட்டா-கரோட்டேன். கேரட்டுக்கும் மாம்பழத்துக்கும் மஞ்சள் சிவப்பு தரும் கரோட்டீன் உங்களுக்குத் தெரியும். பாசிகளும் நுண்ணுயிர்களும் அதைச் செய்கின்றன. 40 கார்பன் கொண்ட அந்த மூலக்கூறு வரிசையாக இரட்டைப் பிணைப்புகள் கொண்டது. நிறத்துக்குக் காரணம் அவைதான். பாறைக்குள் அந்தப் பிணைப்புகள் அத்தனையிலும் ஹைட்ரஜன் ஏறி, நிறம் அற்றுப்போய், 40 கார்பன் சட்டகம் மட்டும் மிஞ்சியது. ஜெஃப்ரி எக்ளிண்டனும் அவரோடு வேலை செய்தவர்களும் 1967இல் அதை கிரீன் ரிவர் பாறையில் கண்டார்கள். 5 கோடி ஆண்டு பழைய கேரட் நிறம், நிறம் இல்லாமல்.

பச்சையத்துக்கு ஒரு வால் உண்டு. 20 கார்பன் கொண்ட நீண்ட சங்கிலி. சேற்றில் ஆக்சிஜன் இருந்தால் அந்த வால் ஒரு கார்பனை இழந்து பிரிஸ்டேன் ஆகிறது. ஆக்சிஜன் இல்லாவிட்டால் 20 கார்பனும் தங்கி ஃபைட்டேன் ஆகிறது. இரண்டில் எது அதிகம் என்று பார்த்தால், அந்தச் சேற்றுக்கு மூச்சுக்காற்று கிடைத்ததா இல்லையா என்று ஒருவாறு சொல்லலாம். ஒருவாறு என்கிறேன், ஏனென்றால் உப்புத்தண்ணீரில் வாழும் சில நுண்ணுயிர்களின் சவ்விலிருந்தும் ஃபைட்டேன் வரக்கூடும். ஒரே குறியை வைத்துத் தீர்ப்பு எழுதுவதில்லை.

அடுத்தவை ஸ்டெரேன்கள். உங்கள் ரத்தப் பரிசோதனை அறிக்கையில் வரும் கொலஸ்டிராலின் குடும்பம். உயிரணுவுக்குள் உட்கரு உள்ள உயிர்கள்தான், அதாவது பாசி முதல் யானை வரை, கொலஸ்டிரால் வகைப் பொருட்களைப் பெருமளவில் செய்கின்றன. அதிலும் 27 கார்பன் உள்ளவை, 28 உள்ளவை, 29 உள்ளவை என்ற விகிதம் எந்த வகைப் பாசி ஓங்கியிருந்தது என்பதற்குத் துப்புக் கொடுக்கும். பல பாக்டீரியாக்கள் கொலஸ்டிராலுக்குப் பதிலாகத் தங்கள் சவ்வில் வைத்திருப்பது ஹோப்பனாய்டு என்ற ஐந்துவளையப் பொருள். பாறைக்குள் அது ஹோப்பேன் ஆகிறது. பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் கி உரிசோன், பியேர் அல்பிரெக்ட் குழுவினர் எடுத்த பாறை மாதிரிகளில் எங்கு பார்த்தாலும் ஹோப்பேன் இருந்தது. பாசி விழுந்தபின் பாக்டீரியா அதைத் தின்று, தன் உடலையும் அதோடு சேர்த்துவிட்டுப் போனது என்பது அதன் பொருள்.

கிரீன் ரிவர் பாறையில் 1960களில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்ட காமசெரேன் என்று ஒன்று உண்டு. இது பாக்டீரியாவை மேய்ந்து வாழும் ஒருவகை ஒற்றைச் செல் உயிரிலிருந்து வருவது. மேலே நன்னீரும் கீழே கனத்த உப்புநீரும் ஒன்றோடொன்று கலவாமல் அடுக்காக நிற்கும் ஏரியில் இந்த உயிர் பெருகும். ஆகவே காமசெரேன் மிகுந்திருந்தால் அப்படிப்பட்ட ஏரி என்று கொள்ளலாம். இதை நம்பலாமா என்று கேட்டால், இங்கே வேறொரு சாட்சியும் இருக்கிறது. அதே பாறைத்தொகுதியில், வயோமிங்கில், உலகிலேயே பெரிய ட்ரோனா (இயற்கைச் சோடா உப்பு) படிவு கிடைக்கிறது. சலவைச் சோடாவும் கண்ணாடி ஆலைக்குத் தேவையான சோடாச் சாம்பலும் அதிலிருந்து எடுக்கிறார்கள். ஏரி வற்றி வற்றி உப்பேறியது என்று மூலக்கூறு சொன்னதை உப்பும் ஒப்புக்கொள்கிறது.

இத்தனையும் ஏன் எண்ணெய்ப் பாறையில் இவ்வளவு தெளிவாகக் கிடைக்கின்றன? நினைவில் வைக்கச் சொன்ன இடம் இதுதான். எண்ணெய் உண்டாக, பாறை பூமிக்குள் ஆழப் புதைந்து, சுமார் 60 முதல் 150 டிகிரி வெப்பத்தில் லட்சக்கணக்கான ஆண்டுகள் கிடக்க வேண்டும். அந்த வெப்பம் எண்ணெயைத் தரும். கூடவே மூலக்கூறுகளையும் உருக்குலைக்கும். எண்ணெய்ப் பாறை அந்த ஆழத்துக்குப் போகவே இல்லை. எரிபொருளாகப் பார்த்தால் அது பக்குவப்படாத சரக்கு. ஆவணமாகப் பார்த்தால் பக்குவப்படாததால்தான் அது கெடாமல் இருக்கிறது. குறையும் நிறையும் ஒரே காரணத்திலிருந்து வருகின்றன.

பாறைக்கு எவ்வளவு வெப்பம் பட்டது என்பதையும் உயிர்க்குறியே சொல்லிவிடும். ஹோப்பேன் மூலக்கூறின் வாலில் ஓர் இடத்தில் அணுக்கள் இரண்டு விதமாக அமையலாம். ஒன்று மற்றொன்றின் கண்ணாடிப் பிம்பம். பாக்டீரியா ஒரு விதத்தை மட்டும்தான் செய்யும். வெப்பம் ஏற ஏறச் சில மூலக்கூறுகள் மறுவிதமாகத் திரும்பும். நூற்றில் ஏறக்குறைய 60 திரும்பியதும் அதற்குமேல் மாறாமல் நின்றுவிடும். திரும்பாதவையே மிகுதியாக இருந்தால் பாறை சூட்டைக் காணவில்லை. எண்ணெய்க் கம்பெனிகள் பல கோடி செலவழித்துத் துளையிடும் முன் இந்த விகிதத்தைப் பார்ப்பது வழக்கம்.

ஆய்வுக்கூடத்தில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று சுருக்கமாகச் சொல்கிறேன். பாறையின் வெளிப்புறத்தைச் செதுக்கி எறிந்துவிட்டு உட்பகுதியைப் பொடிக்கிறார்கள். கரைப்பானில் மணிக்கணக்காக ஊறவைத்துக் கரைவதை எடுக்கிறார்கள். அதில் ஒரு சின்னத் துளியை, தலைமுடிபோல் நுண்ணிய துளை கொண்ட, 30 மீட்டர் அல்லது அதற்கும் நீளமான சுருட்டிய குழாய்க்குள் அனுப்பி மெல்ல மெல்லச் சூடேற்றுகிறார்கள். ஒவ்வொரு மூலக்கூறும் தன் தன்மைக்கு ஏற்ற நேரத்தில் குழாயின் மறுமுனைக்கு வந்து சேரும். வந்ததும் கருவி அதை உடைத்துத் துண்டுகளை நிறுக்கும். ஹோப்பேன் உடைந்தால் 191 நிறையுள்ள துண்டு விழும்; ஸ்டெரேன் உடைந்தால் 217. திரையில் வரும் கோட்டுப்படத்தில் எந்தச் சிகரம் எங்கே என்று பழகிய கண் பார்த்தவுடன் சொல்லிவிடும்.

உங்களுக்குள் ஒரு சந்தேகம் எழுந்திருக்க வேண்டும். 5 கோடி ஆண்டில் வேறெங்கிருந்தோ எண்ணெய் கசிந்து உள்ளே வந்திருக்காதா? நேற்று அறுத்த ரம்பத்தின் மசகு எண்ணெயாக இருக்காதா? மிகச் சரியான சந்தேகம். இந்தத் துறையே அந்த அடியை வாங்கியிருக்கிறது. ஆஸ்திரேலியாவின் பில்பாரா பகுதியில் 270 கோடி ஆண்டு பழைய பாறையில் ஸ்டெரேன் இருப்பதாக 1999இல் அறிவிப்பு வந்தது. உட்கரு உள்ள உயிர் அவ்வளவு காலத்துக்கு முன்பே தோன்றிவிட்டது என்று பாடப்புத்தகங்கள் வரை அது போனது. பிறகு மிகுந்த சுத்தத்தோடு புதிதாகத் துளையிட்டு மாதிரி எடுத்துப் பார்த்ததில் ஸ்டெரேன் இல்லை. முன்பு கண்டது பின்னால் ஒட்டிய மாசு என்று 2015இல் உறுதியானது. முதல் அறிவிப்பைச் செய்த யோகன் பிராக்ஸே மாசை அம்பலப்படுத்திய ஆய்வுகளிலும் பங்கெடுத்தார். அந்த நேர்மை எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அவருடைய குழுதான் 2018இல் மேற்கு ஆப்பிரிக்காவின் மொரிட்டானியாவில், 110 கோடி ஆண்டு பழைய கருங்களிப்பாறையைப் பொடித்துக் கரைத்தபோது பளிச்சென்ற இளஞ்சிவப்பு நிறத்தைப் பார்த்தது. பச்சையத்தின் சிதைந்த சட்டகம். உலகில் கிடைத்த மிகப் பழைய உயிர் நிறமி. கடலில் சயனோபாக்டீரியா (ஒளியைக் கொண்டு உணவு செய்யும் மிகச் சிறிய பாக்டீரியா) ஆதிக்கம் செலுத்திய காலம் அது என்று அதன் நைட்ரஜன் சொல்லியது. 'இத்தனை கோடி ஆண்டு' என்று செய்தி வரும்போது நீங்கள் கேட்க வேண்டிய ஒரே கேள்வி, மாசு இல்லை என்று எப்படிக் காட்டினார்கள் என்பதுதான்.

மீண்டும் எண்ணெய்ப் பாறைக்கு வருவோம். ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகருக்குப் பக்கத்தில் மெசல் என்ற ஊரில் ஒரு குழி இருக்கிறது. 4.8 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலை வெடிப்பால் உண்டான ஆழமான ஏரி. அதன் அடிச்சேறு இப்போது எண்ணெய்ப் பாறை. அந்தப் பாறையில் 40 சதவீதம் தண்ணீர். வெளியே எடுத்துக் காயவிட்டால் தகடு தகடாகப் பிளந்து, உள்ளே இருக்கும் புதைபடிவமும் சேர்ந்து நொறுங்கிவிடும். ஈரம் போகாமல் காத்து, எலும்பைச் செயற்கைப் பிசினுக்கு மாற்றித்தான் காப்பாற்றுகிறார்கள்.

அங்கே கிடைத்த ஒரு பறவையைப் பற்றிச் சொல்லாமல் போக எனக்கு மனம் வராது. கோழியோ வாத்தோ கழுத்தைத் திருப்பி வாலடியில் அலகைத் தேய்த்து, பிறகு இறகைக் கோதுவதைப் பார்த்திருப்பீர்கள். வாலடியில் ஓர் எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. அந்த எண்ணெய்தான் இறகு நனையாமலும் கிருமி அண்டாமலும் காக்கிறது. மெசல் பறவையின் வாலடியில் அதே இடத்தில் அந்தச் சுரப்பியின் கொழுப்பு மிஞ்சியிருந்தது. சுற்றியிருந்த பாறையின் கொழுப்பிலிருந்தும் பக்கத்து இறகிலிருந்தும் அது வேறுபட்டிருந்ததை 2017இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதே குழியின் வௌவால்களில் மெலனின் (தோலுக்கும் முடிக்கும் கருமை தரும் நிறமி) எஞ்சியிருந்ததைக் கொண்டு அவை செம்பழுப்பு நிறத்தில் இருந்தன என்றும் சொல்ல முடிந்தது.

இந்தக் குழியை, 1971இல் சுரங்கம் மூடியபின், குப்பை கொட்டும் இடமாக்கத் திட்டமிட்டார்கள். ஊர் மக்களும் அறிவியலாளர்களும் பல ஆண்டுகள் போராடித் தடுத்தார்கள். 1995இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. அந்தப் போராட்டம் தோற்றிருந்தால் அந்தப் பறவையின் எண்ணெய் நகரத்துக் குப்பைக்கு அடியில் போயிருக்கும்.

அடுத்துச் சொல்வதைப் படிக்கும்போது, கொசு குடித்த ரத்தத்திலிருந்து அழிந்த விலங்கை மீண்டும் உருவாக்கும் சினிமா நினைவுக்கு வரும். அமெரிக்காவின் மொன்டானாவில், 4.6 கோடி ஆண்டு பழைய எண்ணெய்ப் பாறையில், ரத்தம் குடித்து வயிறு உப்பிய ஒரு பெண் கொசு கிடைத்தது. வயிற்றில் இரும்பும், ரத்தச் சிவப்பின் வளையச் சட்டகமும் இருந்ததை 2013இல் உறுதிசெய்தார்கள். அப்படியானால் அந்த ரத்தத்துக்கு உரிய விலங்கை மீண்டும் உருவாக்கலாமா? முடியாது. டிஎன்ஏ மிக எளிதில் உடையும் பொருள். நியூசிலாந்தில் அழிந்த மோவா பறவைகளின் எலும்பில் அளந்தபோது, 521 ஆண்டுகளுக்கு ஒருமுறை அது பாதியாகிறது என்று தெரிந்தது. உறைபனி பாதுகாத்த கிரீன்லாந்து மண்ணில் கிடைத்த மிகப் பழைய டிஎன்ஏவே சுமார் 20 லட்சம் ஆண்டுகள்தான். கொசு எந்த விலங்கைக் கடித்தது என்றுகூட அந்த வளையச் சட்டகத்தால் சொல்ல முடியாது. ரத்தம் என்று மட்டும் சொல்லும்.

இதனால் எனக்கென்ன என்று நீங்கள் கேட்பது நியாயம். எண்ணெய்ப் பாறையில் படித்த எழுத்தைக் கொண்டுதான் உங்களைச் சுற்றியுள்ள எண்ணெய்களைப் படிக்கிறார்கள். உங்கள் லாரி, பேருந்து டீசலில் பிரிஸ்டேனும் ஃபைட்டேனும் இருக்கின்றன. எஞ்சின் ஆயிலிலும் சாலைத் தாரிலும் ஹோப்பேன் இருக்கிறது. வண்டிப் புகையோடு அது காற்றில் கலப்பதால், காற்றை வடிகட்டித் துகளைப் பிடித்து ஹோப்பேனை அளந்தால், அந்த மாசில் வண்டிகளின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லலாம். டெல்லி, மும்பை, கொல்கத்தா நகரங்களின் காற்றில் இந்த வழியில் ஆய்வு நடந்திருக்கிறது. யார்மேல் கட்டுப்பாடு விதிக்க வேண்டும் என்ற வாதத்துக்கு இதுவும் ஓர் அடிப்படை.

கடலில் எண்ணெய் கொட்டும்போது இது இன்னும் நேரடியாகப் பயன்படும். ஒவ்வொரு ஊர்க் கச்சா எண்ணெயும் வேறு பாறையில், வேறு உயிர்களிலிருந்து வந்தது; ஆகவே உயிர்க்குறிகளின் விகிதம் ஊருக்கு ஊர் மாறும். வெயிலும் அலையும் பாக்டீரியாவும் எண்ணெயின் லேசான பகுதிகளை முதலில் அழித்துவிடும். ஹோப்பேன் அவ்வளவு சீக்கிரம் அழியாது. 1989இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டீஸ் கப்பல் தரைதட்டி எண்ணெய் கொட்டியபின், கரையில் கிடைத்த தார் உருண்டைகளை ஆராய்ந்தபோது பல உருண்டைகள் அந்தக் கப்பலுடையவையே அல்ல என்று தெரிந்தது. அவை கலிபோர்னியா எண்ணெய். அலாஸ்காவின் 1964 நிலநடுக்கத்தில் உடைந்த கிடங்குகளிலிருந்து 25 ஆண்டுகளுக்கு முன் சிந்தியவற்றோடு அவை பொருந்தின.

நம் பக்கத்திலும் உதாரணம் உண்டு. பருவமழைக் காலத்தில் கோவா கடற்கரையில் ஒதுங்கும் தார் உருண்டைகளை அங்குள்ள தேசியக் கடலாய்வு நிறுவனம் இப்படி ஒப்பிட்டுப் பார்த்து, சிலவற்றை மும்பை ஹை எண்ணெயோடும் சிலவற்றைத் தென்கிழக்கு ஆசிய எண்ணெயோடும் பொருத்தியிருக்கிறது. எண்ணூரில் 2017 ஜனவரியில் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் பரவியதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்ததும் வலையும் படகும் கருத்துப்போன மீனவர்களுக்கு மறந்திருக்காது. இழப்பீடு கேட்கும் இடத்தில் 'இது எங்கள் எண்ணெய் இல்லை' என்ற பதில் வந்தால், அதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது என்பதை அவர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

மருந்துக்கடையிலும் எண்ணெய்ப் பாறை உண்டு. காது உட்புறம் வீங்கி வலிக்கும்போது மருத்துவர் திரியில் தோய்த்து வைக்கும், தார் வாடை அடிக்கும் கறுப்பு மருந்து இக்தமால் கிளிசரின். கந்தகம் மிகுந்த எண்ணெய்ப் பாறையிலிருந்து வடித்த எண்ணெயைக் கொண்டு 1880களில் ஜெர்மனியில் உருவானது அது. நீங்களாக வாங்கிக் காதில் விடாதீர்கள். செவிப்பறை முழுதாக இருக்கிறதா என்று பார்த்தபிறகே வைக்க வேண்டிய மருந்து.

எண்ணெய்ப் பாறையை எரிபொருளாக எடுக்கலாமா? ஸ்காட்லாந்தில் 19ஆம் நூற்றாண்டில் தொடங்கி 1962 வரை எடுத்தார்கள். மிச்சமான செம்மண் மலைகள் இன்றும் எடின்பரோவுக்கு மேற்கே நிற்கின்றன. எஸ்டோனியா இந்தப் பாறையை எரித்தே நெடுங்காலம் தன் மின்சாரத்தில் பெரும்பகுதியைச் செய்தது. எரித்த எடையில் ஏறக்குறைய பாதி சாம்பலாகத் திரும்பி வந்தது. கொலராடோவில் 1982 மே 2 அன்று எக்ஸான் தன் பெரிய திட்டத்தை ஒரே நாளில் கைவிட்டது. 2,000க்கும் மேற்பட்டோர் வேலை இழந்தார்கள். எண்ணெயை வடிக்கவே பெரும் வெப்பமும், பல இடங்களில் நிறையத் தண்ணீரும் வேண்டும். என் கருத்தைக் கேட்டால், அத்தனை கரியைக் காற்றில் ஏற்றி, கூடவே அந்த ஆவணத்தையும் எரிப்பது எந்தக் கணக்கிலும் கட்டாது.

கடைசியாக, கடற்கரையில் தார் உருண்டையைப் பார்த்தால் செய்ய வேண்டியது. காலில் ஒட்டினால் பெட்ரோலால் துடைக்காதீர்கள். தேங்காய் எண்ணெய் தேய்த்து இளக்கி, சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிள்ளைகள் அதை எடுத்து விளையாட விடாதீர்கள். சோதனைக்குக் கொடுக்க நினைத்தால் வெறுங்கையால் தொடாதீர்கள். விரலின் எண்ணெய்ப்பசையும் கருவியில் சிகரமாகத் தெரியும். பிளாஸ்டிக் பையும் வேண்டாம், அதை மிருதுவாக்கச் சேர்த்த ரசாயனம் மாதிரியில் இறங்கும். கழுவிக் காய்ந்த கண்ணாடிப் புட்டியில் ஸ்பூனால் எடுத்துப் போட்டு, மூடிக்கு உள்ளே அலுமினியத் தாள் வைத்து மூடுங்கள். தேதி, நேரம், இடம் எழுதி ஒட்டி, வெயில் படாத குளிர்ந்த இடத்தில் வையுங்கள்.